மணிகளை எண்ணிய குடைக்கடை நானா

எழுதுவது என் வேலை அல்ல. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதச் சொன்ன கட்டுரைகளோடு என் எழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுதியவை புடவைக் கடைத் துண்டுச் சீட்டுகளும், இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர்களுக்குச் சில கடிதங்களும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மற்றவர்களில் யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்து எனக்கும் தலை நரைத்துவிட்டது.

பதுளைக் கடைத்தெருவில் அவர் ஒரு குடைக்கடை வைத்திருந்தார். புதுக்குடை விற்பதைவிடப் பழைய குடைக்குக் கம்பி மாற்றிக் கொடுப்பதுதான் அதிகம். ஊருக்கு அவர் குடைக்கடை நானா. எங்களுக்கு வெறும் நானா. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இங்கேயும் அதை எழுதவில்லை. ஒல்லியான, நெட்டையான ஆள். கடையில் சாரமும் பனியனுமாக இருப்பார். போயா நாளில் மட்டும் காக்கிக் காற்சட்டை போட்டு, அதன் கால்களைக் கிளிப் மாட்டி இறுக்கி, தொழுகைத் தொப்பியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளை வெளியே எடுப்பார்.

அப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். பௌர்ணமி, அமாவாசை, நடுவே வரும் அட்டமி என்று வாரத்துக்கு ஒரு போயா; நாட்டுக்கே அதுதான் விடுமுறை. ஆகையால் நிலவைக் கணக்குப் பார்த்துத்தான் எங்கள் சவாரியும். கடைகளில் வேலை செய்த என்னைப் போன்ற சிலர், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒரு பியோன், ஹாலிஎலையில் மரம் அறுத்து விற்கும் மரக்காலையில் வேலை செய்த பியசேன, ரேடியோ திருத்தும் ராஜேந்திரன், பேக்கரியில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, மாப் பிசையும் சுப்பையா அண்ணன் என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஊரில் எங்களைச் சைக்கிள் கிளப் என்பார்கள். விடியற்காலையில் குடைக்கடைக்கு முன்னால் கூடுவோம். இறக்கத்தில் நெஞ்சில் காற்று அடிக்காமல் இருக்கச் சட்டைக்குள் பழைய பேப்பரை மடித்து வைத்துக்கொள்வோம். எல்லாம் கியர் இல்லாத சைக்கிள்கள். ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். எதற்காகப் போனோம் என்று கேட்பார்கள். வாரம் முழுக்க மற்றவர்களுக்குத் துணி விரித்துக் காட்டியவனுக்கு, தெமோதரைக்கு மேலே ஒரு வளைவில் நின்று, ஏறி வந்த பாதையைக் கீழே பார்ப்பது போதுமாக இருந்தது.

நானாவிடம் ஒரு குணம். ஆள் குறைந்தால் அவர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

மலை ரோட்டில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகிறவனின் பின்சக்கரம்கூடத் தெரியாது. அதற்காக அவர் ஒரு முறை வைத்திருந்தார். குறுகலான தோட்டத்து ரோட்டில் லொறி எதிரே வந்தால் முதலில் தெரிய வேண்டும் என்று அவர் எப்போதும் முன்னால் போவார். பெரிய வளைவு வந்தால் நின்று தன் மணியை அடிப்பார். பின்னால் வருகிறவர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராக மணி அடிக்க வேண்டும். கடைசியாக வருகிறவனுக்கு ‘வால்’ என்று பெயர். அந்த வேலை முறை வைத்து எல்லோருக்கும் வரும். வாலாக வருகிறவன் யாரையும் தாண்டக் கூடாது. முன்னால் போகிறவன் எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் அவனுக்குப் பின்னால்தான் வர வேண்டும். வாலின் மணி காதில் விழுந்த பிறகுதான் நானா பெடலில் கால் வைப்பார். எண்ணும்போது அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஓடும்.

இரண்டு பேருக்கு ஒரே சத்தத்தில் மணி இருக்க விடமாட்டார். புதிதாக ஒருவர் சேர்ந்தால், எல்லோரையும் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு மாற்றி மாற்றி அடிக்கச் சொல்வார்.

“இது கச்சேரிட மணி. இது ராஜேந்திரன். இது பியசேன... இதுவும் பியசேன மாதிரித்தானே ஈக்கி? புது ஆளுடயா? மாத்துங்க வாப்பா.”

“நேத்துத்தானே நானா வாங்குனேன்!”

“அப்ப ஓரத்த அரத்தால கொஞ்சம் ராவி உடுங்க. சத்தம் மாறும்.”

சுப்பையா அண்ணனின் மணியை மட்டும் யாரும் சோதிக்கத் தேவையில்லை. பேக்கரியில் அவர் சைக்கிளை மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைப்பார். மணிக்குள் மா புகுந்து, ஈரத்தில் இறுகி, தொண்டை கட்டிய ஆள் இருமுவது மாதிரி அது கரகரக்கும். ராஜேந்திரன் அதற்குச் சளிமணி என்று பெயர் வைத்தான். சுப்பையா அண்ணன் இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டுத் தூங்காமலே சவாரிக்கு வருவார். எங்கள் எல்லோரிலும் மெதுவான ஆள் அவர்தான். மூடுபனியில் நாங்கள் குளிரில் விறைத்துக்கொண்டு காத்து நின்றதெல்லாம் அநேகமாக அந்தச் சளிமணிக்காகத்தான்.

நானாவின் குணம் ரோட்டோடு நின்றால் பரவாயில்லை. ராஜேந்திரனின் தங்கைக்குப் பசறையில் கல்யாணம் நடந்தது. நாங்கள் ஒரு பஸ் பிடித்துப் போயிருந்தோம். திரும்பும்போது நானா பஸ்ஸுக்குள் ஒவ்வொரு ஆசனமாக எண்ணிவிட்டு, காலையில் வந்த ஒரு கிழவரைக் காணவில்லை என்றார். பஸ்ஸை எடுக்க விடவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தான், திட்டினான். பெண்கள் முணுமுணுத்தார்கள்.

“சரி, நீங்க போங்க. நான் நிண்டு அவர கூட்டிக்கொண்டு வாறன்” என்று சொல்லி நானா இறங்கிக்கொண்டார்.

நாங்கள் பதுளைக்கு வந்து பார்த்தால், கிழவர் அதற்கு முன்னால் போன வேறொரு பஸ்ஸில் வந்து வீட்டில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ராஜேந்திரனின் மாமா ஒருவர் கார் பிடித்துப் பசறைக்குப் போய் நானாவைக் கூட்டி வந்தார். கல்யாண வீட்டு வாசலில், அவிழ்க்காத வாழை மரத்துக்குக் கீழே, அவர் ரோட்டைப் பார்த்தபடி தனியே நின்றிருந்தாராம். ஊரே சிரித்தது. நானாவும் சிரித்தார்.

எங்களோடு துணி வெளுத்துக் கொடுக்கும் லோன்றிக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் விஷயத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு மழை நாள் பண்டாரவளையிலிருந்து திரும்பும்போது அவர் ஹாலிஎலையில் யாரிடமும் சொல்லாமல் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போய்விட்டார். பதுளையில் எண்ணியபோது ஆள் குறைந்தது. நாங்கள் எவ்வளவோ சொன்னோம். நானா கேட்கவில்லை. வந்த வழியே மழையில் திரும்பிப் போனார். வழியில் இருந்த ஒவ்வொரு மதகிலும் இறங்கிப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். லோன்றிக்காரர் வீட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். லோன்றிக்காரர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நானா வாசலில் நின்றார். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

“ஈக்கியா?”

“இருக்கேன் நானா.”

“சரி.”

அவ்வளவுதான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு லோன்றிக்காரர் எங்களோடு வரவேயில்லை. காரணம் கேட்டேன். “ரெண்டு வார்த்த திட்டியிருந்தா வந்திருப்பேன்யா. அந்த மூஞ்சிய எப்பிடிப் பாக்குறது?” என்றார்.

நானா ஏன் இப்படி என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். சின்ன வயதில் மகாவலியில் ஒரு தம்பியைப் பறிகொடுத்தார் என்றார் கச்சேரிப் பியோன். லொறியில் கிளீனராக இருந்தபோது ஏதோ நடந்தது என்றான் பியசேன. ராஜேந்திரன் நேரே கேட்டுவிட்டான்.

“நானா, ஒங்களுக்கு யாராச்சும் தொலஞ்சு போனாங்களா?”

நானா வாயில் குடைக்கம்பியைக் கவ்விக்கொண்டு நூல் கட்டிக்கொண்டிருந்தார். கம்பியை எடுத்துவிட்டு, “ஏன், நான் எண்ணினா ஒங்களுக்கு நோவுதா?” என்று கேட்டார். பிறகு மறுபடி கம்பியைக் கவ்விக்கொண்டார். பிற்காலத்தில் அவர் கடையை விற்றுவிட்டு மகளோடு கொழும்புப் பக்கம் போகிறவரைக்கும் நானும் தெரிந்துகொள்ளவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கு அந்த எண்ணிக்கை அலுத்துப்போயிருந்தது. குளிரில் நின்று நின்று கால் மரத்துப்போகும். “இவரோட வாறதுக்கு பிரேத ஊர்வலத்தில போகலாம்” என்று ராஜேந்திரன் மெதுவாகச் சொல்வான். நாங்கள் சிரிப்போம். சுப்பையா அண்ணனும் சிரிப்பார். ஆனால் தன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள் என்பது அவருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அது பூனாகலைக்குப் போன நாளில் தெரிந்தது.

பூனாகலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில்தான் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்கள் எல்லோருக்கும் பருப்பும் கிழங்குமாகச் சமைத்து வைத்திருந்தாள். நானா சாப்பிட உட்காரும் முன் தலைகளை எண்ணினார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “என்னா தம்பி இது? பெரட்டுக் களத்துல கங்காணி பேர் போடுற மாதிரி எண்ணுறாரு?” என்றாள்.

நானாவின் காதில் அது விழுந்துவிட்டது. “கங்காணி எண்ணுறது வேலைக்குத் தங்கச்சி. நான் எண்ணுறது ஊட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக” என்றார். அக்கா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராஜேந்திரனின் முறை. அவன்தான் வால். காலையிலிருந்து சுப்பையா அண்ணனுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து அவன் பொறுமை இழந்திருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர்ப் பீலியடியில் இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். வாசிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சுப்பையா அண்ணன் தன் மணியைத் தானே கழற்றி ராஜேந்திரனிடம் கொடுத்துவிட்டார்.

“எனக்காக எல்லாரும் குளிர்ல நிக்க வேணாம்டா. நீ முன்னாலே போயிரு. என் மணியையும் சேத்து நீயே அடிச்சுரு. நான் மெதுவா வந்து பண்டாரவளைப் பக்கம் ஒங்களப் புடிச்சிர்றேன்.”

ராஜேந்திரன் அதைத் தன் ஹேண்டிலில், தன் மணிக்கு உட்பக்கமாக மாட்டிக்கொண்டான்.

பூனாகலையிலிருந்து திரும்பும் வழி முதலில் ஏற்றம். சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். உச்சிக்கு வந்தபோது பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி ரோட்டை மூடிவிட்டது. ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு. அது எங்கே முடிகிறது என்று தெரியாது. இறக்கம் தொடங்கும் இடத்தில் நானா நின்று மணி அடித்தார். ஒவ்வொருவராக அடித்தோம். கடைசிக்கு முந்தியதாகச் சளிமணி கரகரத்தது. அதற்குப் பிறகு ராஜேந்திரனின் மணி. சரியாக இருந்தது.

இரண்டாவது வளைவிலும் அப்படியே. சளிமணியை அவன் சுப்பையா அண்ணன் அடிப்பதுபோலவே சோம்பலாக, நேரம் விட்டு அடித்திருக்கிறான். நான் நடுவில் இருந்தேன். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. முன்னாலிருந்து நானாவின் குரல் கேட்டது. “சுப்பையா இண்டைக்கு நல்லா வாறான் போல!” அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சமயத்தில் சுப்பையா அண்ணன் எங்களுக்கு எவ்வளவோ பின்னால், மணி இல்லாத சைக்கிளில், அரைத் தூக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

மூடுபனிக்குக் கீழே வந்ததும் ஒரு மதகும் ஒரு தேத்தண்ணிக் கடையும் இருக்கும். நானா அங்கே ஒரு காலை ஊன்றி நின்றார். நாங்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்துக்குள் வந்தோம். பியசேன வந்தான், கச்சேரி வந்தார், நான் வந்தேன். கடைசியாக ராஜேந்திரன் வந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளைப் பனி மட்டும்தான்.

“சுப்பையா?” என்றார் நானா.

“வாறாரு நானா. பின்னாலேயே வாறாரு.”

“நீ வால். ஒனக்குப் பின்னால எப்பிடி வாற?”

நானா சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அவனிடம் போனார். ஹேண்டிலைப் பார்த்தார். உள்பக்கத்து மணியின் மேல் விரலை வைத்து ஒரு தடவை அழுத்தினார். சளிமணி கரகரத்தது.

“அவருதான் நானா கழட்டிக் குடுத்தாரு. நீங்கல்லாம் குளிர்ல நிக்கிறீங்களேன்னு... சும்மா ஒரு இதுக்கு...” என்றான் ராஜேந்திரன்.

நானா அவனைத் திட்டவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

“மணிய கேட்டதெண்டு ஒத்தரும் சொல்ல வாணாம். சுப்பையாவ கண்ணால கடைசியா யாரு கண்ட?”

உச்சிக்கு ஏறும்போது கண்டதாகக் கச்சேரி சொன்னார். அதற்கும் முன்னால் என்றான் பியசேன. உச்சியிலிருந்து இந்த மதகு வரைக்கும் இருந்த ரோடு முழுவதிலும் எங்களில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. மணி கேட்டதால் பார்க்கவும் தோன்றவில்லை.

ஒரு பீடி பிடிக்கும் நேரம் காத்திருந்தோம். அவர் வரவில்லை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் ரோட்டின் ஓரமே தெரியாது. டோர்ச் கடைக்காரரிடம் ஒன்றுதான் இருந்தது, அதிலும் பற்றரி செத்துப்போயிருந்தது.

“சைக்கிள இங்க வைங்க. நடங்க” என்றார் நானா.

திரும்பவும் மேலே ஏறினோம். நானா எங்களைச் சரிவின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சம் தூரம் விட்டு நடக்கச் சொன்னார். பியசேன கைகளைக் குவித்து, “சுப்பையா! ஓ, சுப்பையா!” என்று கத்தினான். மலை அதைத் திருப்பிக் கத்தியது. நாங்களும் சேர்ந்துகொண்டோம். நானா கையை உயர்த்தினார்.

“கத்த வாணாம். கத்தினா நம்மட சத்தந்தான் நமக்கு கேக்கும். அவனுக்கு வாய் தொறக்க ஏலாம ஈந்தா? பேசாம நடங்க. நிண்டு கேளுங்க. மறுகா நடங்க.”

அதன் பிறகு நாங்கள் ஒரு பேச்சும் இல்லாமல் நடந்தோம். பத்தடி நடப்பது, நிற்பது, காதைக் கொடுப்பது. தேயிலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். எங்கோ ஒரு நாய். என் நெஞ்சு அடிப்பது வேறு இடைஞ்சலாக இருந்தது. ராஜேந்திரன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நின்ற இடத்திலெல்லாம் குனிந்து சரிவுக்குள் எட்டிப் பார்த்தான்.

மேலேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. ஓடினோம். விறகுக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு சில பெண்கள் இறங்கி வந்தார்கள்.

“என்னாங்கய்யா, சைக்கிள் வாங்கக் காசில்லாம நடந்து பழகுறீங்களா?” என்று ஒருத்தி சிரித்தாள்.

“தங்கச்சி, வழியில ஒரு ஆளக் கண்டீங்களா? குண்டான ஆள். சைக்கிள்ல” என்றார் நானா.

அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “இல்லீங்களே. உச்சியில இருந்துதான் வாறோம். ரோட்டுல ஒரு ஆளும் இல்ல.”

ரோட்டில் இல்லை என்றால் ரோட்டுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அந்தப் பெண்களும் விறகுக் கட்டுகளை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே, எங்களோடு சேர்ந்து சத்தமில்லாமல் நடந்தார்கள்.

இருட்டு வந்துகொண்டிருந்தது. எந்த வளைவில் என்று எனக்கு இப்போது நினைவில்லை. நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து டிக், டிக், டிக் என்று ஏதோ கேட்டது. நின்றது. மறுபடி டிக், டிக் என்று வேகமாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஏதோ பூச்சி என்றுதான் நான் நினைத்தேன். பெண்களில் ஒருத்தியும் “வண்டுங்க” என்றாள்.

ராஜேந்திரன் சட்டென்று திரும்பினான். “வண்டு இல்ல! சக்கரம்! சுப்பையாண்ணேட பின்சக்கரம்! காலையில இருந்து அதத்தான் நான் கேட்டுக்கிட்டு வந்தேன்!”

சொல்லி முடிப்பதற்குள் சரிவில் குதித்துவிட்டான். தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு நாங்களும் சறுக்கிக்கொண்டு இறங்கினோம்.

தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே தண்ணீர் போக வெட்டிய கானுக்குள் சுப்பையா அண்ணன் கிடந்தார். ஒரு கால் உடம்புக்குக் கீழே மடிந்திருந்தது. சைக்கிள் அவர் மேலே கவிழ்ந்து கிடந்தது. நெஞ்சில் அடிபட்டதால் அவரால் சத்தம் போட முடியவில்லை. நாங்கள் முதலில் கத்திக்கொண்டு போனது கேட்டதாம். பதில் சொல்ல மூச்சு வரவில்லை. கைக்கு எட்டியது பின்சக்கரம் ஒன்றுதான். அதைச் சுற்றி விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

நானா கானுக்குள் முழங்காலிட்டார்.

“ஈக்கியா?”

“இருக்கேன் நானா. தூங்கிட்டேன் போல.”

“சரி” என்றார் நானா. அவர் எழுந்திருக்கப் பியசேன தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

பெண்கள் விறகு கட்டிய கயிற்றையும் இடுப்பில் கட்டியிருந்த சாக்கையும் அவிழ்த்துக் கொடுத்தார்கள். இரண்டு தடிகளில் சாக்கைக் கட்டி அவரை ரோட்டுக்குத் தூக்கி, தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுவந்தோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ராஜேந்திரன் அவருடைய கையை விடவேயில்லை. ஒரு மரக்கறி லொறி பண்டாரவளைக்குப் போக வந்தது. மறித்தோம். மூட்டைகளுக்கு நடுவில் ஆளைக் கிடத்தலாம், துணைக்கு ஒருவர் ஏறலாம், அதற்கு மேல் இடமில்லை என்றான் டிரைவர்.

எங்களுக்கு அது சாதாரண விஷயம். நானாவுக்கு அப்படி அல்ல. அவர் லொறியின் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே சுப்பையா அண்ணன். வெளியே, இருட்டுகிற ரோட்டில், பதுளை வரைக்கும் சைக்கிளில் போக வேண்டிய நாங்கள். எங்களை ரோட்டில் விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் போனதில்லை. அவருடைய பெருவிரல் விரல்கணுக்களில் ஓடத் தொடங்கிப் பாதியில் நின்றது. மறுபடி தொடங்கியது. டிரைவர் எஞ்சினை உறுமவிட்டான்.

“நானா, நீங்க போங்க” என்றான் பியசேன. “நாங்க சின்னப் பிள்ளைகளா?”

லொறிக்குள்ளிருந்து சுப்பையா அண்ணனின் குரல் ஈனமாகக் கேட்டது. “நானா... இன்னைக்கு மா பிசையணும். மொதலாளிக்கு யாரு சொல்றது?”

“அத வுடுங்க” என்ற நானா, “ராஜேந்திரன்!” என்று கூப்பிட்டார்.

ராஜேந்திரன் முன்னால் வந்தான். அடி விழப்போகிறது என்று நினைத்திருப்பான் போல. தலையைக் குனிந்துகொண்டான்.

“பதுளைக்கு நீதான் வால்.”

“வாணாம் நானா. பியசேனவப் போடுங்க. என்னய வாணாம்.” அவன் அழுதுவிட்டான்.

“நீதான். இனி ஒனக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு நானா ஏறிக்கொண்டார். லொறி போனது. பின்னால் கட்டியிருந்த படங்கை விலக்கி, வளைவு மறைக்கும் வரைக்கும் அவர் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

ராஜேந்திரன் முதலில் செய்த வேலை, ஹேண்டிலில் இருந்த சளிமணியைக் கழற்றிக் கைலேஞ்சித் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டதுதான். ரோடு குலுக்கி அது தானாக அடித்துவிடக் கூடாதாம். அன்று அவன் எங்களில் யாரையும் மணி அடிக்க விடவில்லை. வளைவுக்கு வளைவு எல்லோரையும் நிறுத்தினான். சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து வந்து ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்துப் பார்த்தான். பிறகு வாலுக்குத் திரும்பி ஓடினான். பண்டாரவளையிலும் எல்லவிலும் தெமோதரையிலும் அப்படியே. கச்சேரிப் பியோன் ஒரு தடவை, “டேய், விடியிறதுக்குள்ளயாச்சும் போகலாம்டா” என்றார். “விடியட்டும்” என்றான். வேறு யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

பதுளைக்கு வந்தபோது தேத்தண்ணிக் கடைகளைக்கூடப் பூட்டியிருந்தார்கள். குடைக்கடைக்கு முன்னால் கடைசித் தடவையாக எல்லோரையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ராஜேந்திரன் வீட்டுக்குப் போகாமல் பேக்கரிப் பக்கம் சைக்கிளைத் திருப்பினான். ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவனே தவிர, மாவில் கை வைத்தவன் அல்ல அவன்.

மறுநாள் பகல் ரயிலில் நானா வந்து இறங்கினார். சுப்பையா அண்ணனின் கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, உயிருக்குப் பயமில்லை என்றார். ஸ்டேஷனில் நின்ற எங்களை எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. ராஜேந்திரன் பேக்கரியில் மா மூட்டைமேல் தூங்குகிறான் என்று சொன்னோம். அங்கே போய் அவனைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் கடையைத் திறந்தார். அன்று பதுளைக் கடைத்தெருவில் பாண் உப்புக் கரித்தது.